மண்டபம் கட்டிவிட்டு மாப்பிள்ளை தேடிய ஊர்: பேஸ்பால் அணிக்காக வரிப்பணத்தில் ஸ்டேடியம் கட்டலாமா?

பாலத்துக்கு_இந்தப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக ஓடும் சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். அங்கே யாரும் யாரையும் முழுசாகப் பேச விடுவதில்லை.

நான் ஃப்ளோரிடாவில் தாம்பாவில் இருக்கிறேன். பேஸ்பால் பார்க்கப் பாலம் தாண்டி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக வேண்டும். வேலை நாளில் மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஹோவர்ட் ஃப்ராங்க்லண்ட் பாலத்திலேயே முதல் இன்னிங்ஸ் முடிந்துவிடும்.

அந்த ஸ்டேடியத்தின் கதை தெரியாதவர்களுக்கு: அது எந்த அணிக்காகவும் கட்டப்பட்டது இல்லை. 1986-இல் வேலையை ஆரம்பித்தார்கள், 1990 மார்ச்சில் திறந்தார்கள், சுமார் 13 கோடி டாலர் ஊர்ப்பணம். ஃப்ளோரிடா சன்கோஸ்ட் டோம் என்று பெயர். கூரை இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, அணி மட்டும் இல்லை. 'ஸ்டேடியம் இருந்தால் அணி தானாக வரும்' என்று நம்பினார்கள். வழியில் லாடம் ஒன்று கிடைத்தவன், இன்னும் மூன்று லாடமும் ஒரு குதிரையும்தான் பாக்கி என்றானாம். அதே கணக்கு.

முதல் மேட்ச் நடந்தது 1998 மார்ச் 31. எங்கள் தாம்பா பே அணி (இன்றைய ரேஸ்) டெட்ராய்ட் டைகர்ஸிடம் 11-6 என்று தோற்றது. அதாவது மண்டபம் கட்டி எட்டு வருடம் கழித்து மாப்பிள்ளை வந்தார், அதுவும் தாலி கட்டும் அன்றைக்கே அடி வாங்கிக்கொண்டு.

என் கேள்வி: இப்படிச் செய்யலாமா, கூடாதா? 'வேலை வாய்ப்பு வரும், ஊர் வளரும்' என்பவர்கள் கொஞ்சம் கணக்கோடு வாருங்கள்.

---

மைல்ஹை_மாமா

செய்யலாம். நான் டென்வர்க்காரன், எங்களுக்குப் பலித்தது.

1990 ஆகஸ்டில் ஆறு கவுண்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். விற்பனை வரியில் கூடுதலாக 0.1 சதவீதம், அதாவது 10 டாலருக்குச் சாமான் வாங்கினால் 1 சென்ட். 54 சதவீதம் பேர் சரி என்றார்கள். அடுத்த வருடமே லீக் எங்களுக்கும் மயாமிக்கும் அணி கொடுத்தது. 1993-இல் எங்கள் ராக்கீஸ் அணி ஆட ஆரம்பித்தபோது புது ஸ்டேடியமான கூர்ஸ் ஃபீல்ட் இன்னும் தயாராகவில்லை. பழைய மைல் ஹை ஸ்டேடியத்தில்தான் ஆடினார்கள். அந்த ஒரே வருடத்தில் 44 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அதைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டிருந்த ஸ்டேடியத்தில் இருக்கைகளைக் கூட்டினார்கள்.

1995-இல் திறந்தது. சுற்றி இருந்த பழைய கிடங்குத் தெருக்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று வந்து பாருங்கள். மேல் அடுக்கில் ஒரு வரிசை நாற்காலி மட்டும் ஊதா நிறம், அதுதான் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம். விருந்தாளி யார் வந்தாலும் அங்கே உட்கார வைத்து ஒரு போட்டோ எடுக்காமல் அனுப்புவதில்லை.

---

கணக்குப்பிள்ளை

மாமா, ஊதா நாற்காலி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கதையில் முக்கியமான வரியை விட்டுவிட்டீர்கள். அந்த ஓட்டில் ஒரு நிபந்தனை இருந்தது: லீக் அணி கொடுத்தால்தான் வரி வசூல் ஆரம்பிக்கும். கொடுக்காவிட்டால் ஒரு சென்ட் கிடையாது. நீங்கள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்ததே மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றிய பிறகுதான்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அதைத் தலைகீழாகச் செய்தது. அதன் பலன் என்ன என்பதை 1988-இல் சிகாகோவில் பார்க்கலாம். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

வைட் சாக்ஸ் அணிக்குப் புது ஸ்டேடியம் வேண்டும். இல்லினாய் மாநிலம் தயங்குகிறது. அணி முதலாளிகள் ஃப்ளோரிடா பக்கம் கையை நீட்டுகிறார்கள்: 'அங்கே டோம் எழும்பிக்கொண்டிருக்கிறது, நாங்கள் கிளம்புகிறோம்.' ஜூன் 30 நள்ளிரவுக்குள் சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும், தாண்டினால் கூடுதல் ஓட்டு தேவைப்படும். கவர்னர் ஜேம்ஸ் தாம்ப்சன் அவைக்குள்ளேயே இறங்கி உறுப்பினர் உறுப்பினராகப் பிடித்து இழுக்கிறார். நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. ஆனால் அவைக் குறிப்பில் மணி 11:59. கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள்! மசோதா நிறைவேறியது, 1991-இல் சிகாகோவில் புது கமிஸ்கி பார்க் திறந்தது.

இதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டோமின் வேலை என்ன? சிகாகோவை மிரட்டும் பூச்சாண்டி. கட்டிய செலவு ஃப்ளோரிடாக்காரனுக்கு, பயன் சிகாகோ அணி முதலாளிக்கு.

---

பாலத்துக்கு_இந்தப்பக்கம்

1992-இலும் அதே கூத்துதான் கணக்கு. சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை அதன் முதலாளி பாப் லூரி, தாம்பா பே குழுவுக்கு 11.5 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டார். ஊரே கொண்டாடியது. நவம்பரில் நேஷனல் லீக் (ஜயன்ட்ஸ் ஆடும் பிரிவு) அணிகளின் முதலாளிகள் கூடி முடியாது என்று ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் அணி சான் ஃப்ரான்சிஸ்கோக்காரர்களுக்கே போனது, அதுவும் 10 கோடிக்கு. குறைந்த விலைக்கு!

டோம் என்ன செய்தது? இடையில் ஐஸ் ஹாக்கி நடத்தினார்கள். தண்டர்டோம் என்று பெயர் மாற்றி, 1993 முதல் 1996 வரை லைட்னிங் அணி அங்கேதான் ஆடியது.

---

வளைகுடா_வாசி

ஜயன்ட்ஸ் எங்கள் ஊரில் தங்கியதற்கு உங்கள் ஊர் அழுததா? மன்னிக்கவும் நண்பரே.

ஆனால் பாருங்கள், அதே ஜயன்ட்ஸ் பிறகு 2000-இல் திறந்த ஸ்டேடியத்தைப் பெரும்பாலும் சொந்தப் பணத்திலும் கடனிலும்தான் கட்டினார்கள். அதற்கு முன்னால் ஊர்ப்பணம் கேட்டு வைத்த ஓட்டெடுப்புகளில் மக்கள் திரும்பத் திரும்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள். வேறு வழியில்லை என்றதும் பணம் எங்கிருந்தோ வந்துவிட்டது பாருங்கள்.

சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாவின் மறுகரையில் ஓக்லண்ட். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தது. 1995-இல் அதைத் திரும்ப அழைத்து வர, கொலிசியம் என்ற ஓக்லண்ட் ஸ்டேடியத்தில் ஒரு பெரிய கான்கிரீட் அடுக்கைக் கட்டினார்கள். ஊரும் கவுண்ட்டியும் கடன் வாங்கிக் கட்டியது. சீட் உரிமை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள், விற்கவில்லை. ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸ் பெயரை வைத்து 'மவுண்ட் டேவிஸ்' என்று ரசிகர்கள் நக்கலாகக் கூப்பிடுவார்கள். அது வருவதற்கு முன் பேஸ்பால் பார்த்துக்கொண்டே ஓக்லண்ட் மலைகளைப் பார்க்கலாமாம். நான் வந்த காலத்தில் சிமெண்ட் சுவர்தான். பேஸ்பால் நாட்களில் அந்த அடுக்கின் மேல் பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

ரெய்டர்ஸ் 2020-இல் லாஸ் வேகாஸ் போய்விட்டது. அதற்குப் பிறகும் அந்த அடுக்குக்கான கடனை ஊர் கட்டிக்கொண்டிருந்தது.

---

பாலைவனத்துப்_பூ

அண்ணா, லாஸ் வேகாஸிலிருந்து ஒரு தங்கச்சி. ரெய்டர்ஸுக்கு நாங்கள் கொடுத்தது 75 கோடி டாலர், 2016-இல் நிறைவேற்றிய ஹோட்டல் வரியிலிருந்து. அடுத்து உங்கள் ஓக்லண்டின் ஏ'ஸ் பேஸ்பால் அணியும் எங்களிடம்தான் வரப்போகிறது. 2023 ஜூனில் சிறப்புக் கூட்டம் போட்டு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் என்று சட்டம் கொண்டு வந்தார்கள், கவர்னர் லொம்பார்டோ கையெழுத்துப் போட்டார்.

அதில் கிட்டத்தட்டப் பாதி நேரடிப் பணம் இல்லை என்பார்கள். 18 கோடி 'மாற்றத்தக்க வரிச் சலுகை'. எங்கள் வீட்டுக்காரர் கணக்காளர், அவர் எனக்கு விளக்கியபடி சொல்கிறேன். மாநிலம் அணிக்கு ஒரு கூப்பன் தருகிறது. அணி அதை ஒரு சூதாட்ட விடுதிக்கு விற்றுக் காசாக்கலாம். விடுதி அதைக் கட்ட வேண்டிய வரிக்குப் பதிலாக நீட்டலாம். மாநில கஜானாவிலிருந்து பணம் வெளியே போவதில்லை, வர வேண்டிய பணம் உள்ளே வருவதில்லை. கிளாஸ் வேறு, காபி ஒன்றுதான்.

ஆசிரியர்கள் அமைப்பு எதிர்த்தது. மக்கள் ஓட்டுக்கு விட வேண்டும் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த மனுவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அதனால் எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் ஆம் என்றுதான் போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம். என் பையனுக்கு ஒன்பது வயது, ராத்திரி கையுறையோடு தூங்குகிறான்.

---

வளைகுடா_வாசி

தங்கச்சி, பையன் நன்றாக ஆடட்டும். ஆனால் 2023 ஜூன் 13 அன்று நான் கொலிசியத்தில் இருந்தேன். 'ரிவர்ஸ் பாய்காட்' என்று ரசிகர்களே ஏற்பாடு செய்த மேட்ச். ஸ்டேடியம் காலியாகக் கிடக்கிறது, இந்த ஊரில் ரசிகர்களே இல்லை என்று முதலாளி தரப்பு சொல்லிக்கொண்டிருந்ததால், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 27,759 பேர் வந்து காட்டினார்கள். பச்சை டீ-ஷர்ட்டில் வெள்ளை எழுத்தில் 'விற்றுவிடு' என்று ஒரே வார்த்தை. ஐந்தாவது இன்னிங்ஸில் மொத்தக் கூட்டமும் ஒரு நிமிடம் வாயே திறக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் பந்து கையுறையில் விழும் சத்தம் மட்டும். அப்புறம் ஒரே கத்தல்.

வேகாஸ் மசோதா அதே நாட்களில்தான் நிறைவேறியது.

---

சும்மா_எட்டிப்பார்த்தேன்

ஓக்லண்ட் மட்டும் என்ன புத்தரா? கொலிசியம் 1966-இல் திறந்தது. ஏ'ஸ் அணி 1968-இல் வந்தது. எங்கிருந்து? கான்சஸ் சிட்டியிலிருந்து. அதற்கு முன் ஃபிலடெல்ஃபியா. ஊர் முதலில் ஸ்டேடியம் கட்டியது, அப்புறம் அடுத்த ஊர்க்காரன் அணியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கான்சஸ் சிட்டிக்காரர்களும் அன்றைக்கு வயிறு எரிந்துதான் இருப்பார்கள்.

---

கணக்குப்பிள்ளை

நல்ல பாயிண்ட். அந்தக் கதையின் இரண்டாம் பாதியிலும் ஒரு பாடம் உண்டு. கான்சஸ் சிட்டி இருக்கும் மிசௌரியின் செனட்டர் சைமிங்டன், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு இருக்கும் விலக்கையே பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டினார். உடனே 1969-இல் கான்சஸ் சிட்டிக்கு ராயல்ஸ் என்று புது அணி கிடைத்தது.

எனக்கு இந்த விவாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லை, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. இன்றுவரை அது முழுசாகப் போகவில்லை. ஆக, எத்தனை அணி இருக்கலாம், எந்த ஊரில் இருக்கலாம் என்று முடிவு செய்வது அந்த முதலாளிகளே. இப்போது 30 அணிகள். அணி வேண்டும் என்று நிற்கும் ஊர்கள் அதைவிட அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஒரு ஊராவது வாசலில் நிற்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவனிடம் வாடகையை ஏற்றலாம். மாப்பிள்ளைகளைக் குறைவாகவே விட்டால் வரதட்சணை தானாக ஏறும்.

அடுத்து கடன் பத்திரம். ஊர் நிர்வாகம் வெளியிடும் பத்திரத்தின் வட்டிக்கு வரி கிடையாது, அதனால் வட்டி மலிவு. இதை ஸ்டேடியக்காரர்கள் சுரண்டுகிறார்கள் என்று 1986-இல் வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள்: தனியார் உபயோகத்துக்கான கட்டடம் என்றால், கடன் தவணையில் பத்து சதவீதத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தின் வருமானத்திலிருந்து வந்தால் வரி விலக்கு போய்விடும். நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? விலக்கு போகக் கூடாது என்று ஊர்கள் வாடகையையே குறைத்துக்கொண்டு, தவணையைப் பொது வரியிலிருந்து கட்ட ஆரம்பித்தன. ஓட்டையை அடைக்கப் போய் பானையையே உடைத்த கதை. 2000-க்குப் பிறகு இந்த விலக்கு வழியாக மத்திய அரசு ஸ்டேடியங்களுக்குக் கொடுத்த மானியம் மட்டும் 320 கோடி டாலர் என்று 2016-இல் ப்ரூக்கிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. ஆலாஸ்காவில் பேஸ்பாலே பார்க்காத ஆளும் இதில் பங்குதாரர்.

---

மைல்ஹை_மாமா

எல்லாம் சரி. ஆனால் கூட்டம் வருகிறது, ஹோட்டல் நிரம்புகிறது, சாப்பாட்டுக் கடை ஓடுகிறது. அது பொய்யா?

---

கணக்குப்பிள்ளை

பொய் இல்லை, பாதி உண்மை. மேட்ச் பார்க்க 200 டாலர் செலவழித்த குடும்பம், அந்த மாதம் சினிமாவுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 200 டாலர் குறைத்துக்கொள்கிறது. ஸ்டேடியத்துக்குப் பக்கத்துக் கடையில் கூட்டம் கூடுவது கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் கடையில் குறைந்த கூட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. சொந்த ஊரில் ஆடுவது வருடத்துக்கு 81 மேட்ச். மீதி 284 நாள் பார்க்கிங் லாட். நோல், சிம்பலிஸ்ட் தொடங்கி கோட்ஸ், ஹம்ஃப்ரீஸ் வரை பொருளாதாரக்காரர்கள் பல வருடமாக ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள்: போட்ட பொதுப்பணத்துக்கு ஈடான வளர்ச்சி வருவதில்லை.

பேஸ்பால் பிடிக்கும், அதனால் பணம் போடுவோம் என்று சொல்லுங்கள், நான் கை தட்டுவேன். பூங்கா கட்டுவதில்லையா? முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று மாமா, உங்கள் ஊர் விஷயம். கூர்ஸ் ஃபீல்ட் கடன் முன்கூட்டியே அடைந்ததும் வரி நின்றதா?

---

மைல்ஹை_மாமா

நிற்கவில்லை. 1998-இல் ஓட்டுப் போட்டு அதே வரியை எங்கள் ப்ராங்கோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்கு நீட்டினோம். நீட்டியதும் நாங்கள்தான், என் ஓட்டும் அதில் உண்டு. சந்தோஷமா?

---

சாக்பீஸ்

ஒரு விஷயம் யாரும் பேசவில்லை. அந்த டோம் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? கேஸ் பிளாண்ட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு. இரண்டு பெரிய எரிவாயுத் தொட்டிகள் நின்றதால் அந்தப் பெயர். நூற்றுக்கணக்கான குடும்பங்களையும், சர்ச்சுகளையும், கடைகளையும் அப்புறப்படுத்தினார்கள். அப்போது சொன்ன காரணம் பேஸ்பால்கூட இல்லை. தொழிற்பேட்டை வரும், உங்களுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். அப்புறம்தான் அங்கே ஸ்டேடியம் வந்தது. செலவுக் கணக்கு எழுதும்போது 13 கோடி என்று எழுதுகிறோம். அந்த மக்கள் விட்டுப்போன வீடுகள் எந்தக் கணக்கில் வருகின்றன?

---

பாலத்துக்கு_இந்தப்பக்கம்

உண்மை, நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். 2024-இல் போட்ட புது ஒப்பந்தத்தில் அந்த மக்களுக்கான வாக்குறுதிகளும் சேர்ந்திருந்தன: மலிவு வீடுகள், அருங்காட்சியகம். அதுவும் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் 130 கோடி டாலர் ஸ்டேடியம். ஊர் 28.75 கோடி, அந்த ஊர் இருக்கும் பினெல்லஸ் கவுண்ட்டி 31.25 கோடி, ரேஸ் அணி 70 கோடியும் அதற்கு மேல் ஏறும் செலவும். ஜூலையில் நகர மன்றமும் கவுண்ட்டியும் சம்மதித்தன. அக்டோபர் 9 ராத்திரி மில்டன் புயல். பழைய டோமின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. காலையில் டிவியில் பார்த்தேன், எலும்புக் கூடு மாதிரி கம்பிகள், உள்ளே பச்சைத் தரை வெளிச்சத்தில் மினுக்குகிறது. கூரை போட்ட அந்த இடத்தில் நான் சூரிய வெளிச்சத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

பழுதுபார்க்க சுமார் 5.6 கோடி என்றார்கள். புயலில் வீடு போனவர்கள் ஒரு பக்கம், கடற்கரையில் மணல் போனது ஒரு பக்கம், இந்த நேரத்தில் ஸ்டேடியப் பத்திரமா என்று ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்ததால் செலவு ஏறிவிட்டது என்றது அணி. டிசம்பரில் பத்திரங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அணி விலகிக்கொண்டது. அந்த சீசன் முழுவதும் ரேஸ் ஆடியது தாம்பாவில், யாங்கீஸ் பயிற்சிக்கு வரும் மைதானத்தில். சுமார் 11,000 இருக்கைதான். எனக்கு மட்டும் லாபம், பாலம் தாண்டாமல் பார்த்தேன்.

கவுண்ட்டியின் பங்கு ஹோட்டல் வரியிலிருந்து வர இருந்தது. 'அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே' என்று குழுவில் ஒருவர் எழுதினார். கட்ட முடியாது, ஃப்ளோரிடா சட்டப்படி அந்த வரியைச் சுற்றுலா சம்பந்தப்பட்டதற்குத்தான் செலவழிக்கலாம். ஆனால் கடற்கரைக்கு மணல் கொட்டலாம். இங்கே நிஜப் போட்டி பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் இல்லை, மணலுக்கும் ஸ்டேடியத்துக்கும்தான்.

---

டெக்சாஸ்_திண்ணை

கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுகிறேன். எங்கள் பக்கம் க்ராண்ட் ப்ரெய்ரியில் ஒரு சின்ன பேஸ்பால் ஸ்டேடியம், 2008-இல் ஊர்ப்பணத்தில் கட்டியது. ஏர்ஹாக்ஸ் என்று பெரிய லீகில் சேராத ஒரு அணி ஆடியது. அணி 2020-க்குப் பிறகு இல்லை. காலியாகக் கிடந்த இடத்தைக் கிரிக்கெட்காரர்கள் குத்தகைக்கு எடுத்து மாற்றினார்கள். 2023 ஜூலையில் அங்கே முதல் மேட்ச் யார் ஆடினார்கள் தெரியுமா? டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ்! மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு போனோம். அடுத்த வருடம் உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்ததும் அதே இடத்தில்தான்.

---

சும்மா_எட்டிப்பார்த்தேன்

ஆக, மண்டபம் கட்டி வைத்தால் ஏதோ ஒரு கல்யாணம் நடக்கும் என்கிறீர்கள். தோனி ரசிகர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே!

---

பாலத்துக்கு_இந்தப்பக்கம்

ஓட்டெடுப்பு, நிபந்தனை, அப்புறம்தான் வரி என்ற டென்வர் வரிசைக்கு நான் சம்மதம். மற்றபடி கணக்குப்பிள்ளை பக்கம்தான். 'முதலீடு' என்று யாராவது இனிமேல் குழுவில் எழுதினால் இந்த இழையின் சுட்டியைக் கொடுப்பேன்.

நேற்று அலுவலகத்தில் ஒரு பெரியவரிடம் இதைப் பேசினேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற இன்னும் சில மாதம். 1988-இல் வைட் சாக்ஸ் வந்துவிடும் என்று நம்பி அந்த அணியின் பெயரோடு ஃப்ளோரிடா என்று அச்சடித்த டீ-ஷர்ட் வாங்கினாராம். ஒரு முறைகூடப் போட்டதில்லை, அலமாரியில் மடித்தபடி இருக்கிறது என்றார். இன்று காலை போனில் படம் அனுப்பினார். மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கோடு.

புது ஸ்டேடியத்துக்கு ஓட்டுக் கேட்டால் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'இந்த முறையாவது கூரையை உறுதியாகப் போடுவார்களா?' என்று என்னையே திருப்பிக் கேட்டார்.